செடி வளரும் மீன் தொட்டி: இரண்டு நூல்கள், ஒரு கேள்வி

உயிரியல் ஆய்வுக்கூடத்தில் கால் வைத்த எந்த மாணவரும் ஹைட்ரில்லாச் சோதனையை மறந்திருக்க மாட்டார். முகவையில் நீர், அதனுள் ஹைட்ரில்லாச் செடி, செடியின் மேல் கவிழ்த்த புனல், புனலின் தண்டின் மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாய். வெயிலில் வைத்த சிறிது நேரத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. குழாயில் சேர்ந்த வாயுவினுள் தணல்குச்சியைக் காட்டினால் அது சுடர் விட்டு எரிகிறது. ‘ஒளியில் செடி பிராணவாயுவை வெளியிடுகிறது’ என்று குறிப்பேட்டில் எழுதி முடிக்கிறோம்.

அந்த வேகத்திலேயே இன்னொரு முடிவுக்கும் வந்துவிடுகிறோம். மீன் தொட்டியில் செடியை நட்டால் செடி மீனுக்குப் பிராணவாயு தரும். மீன் செடிக்குக் கரியமில வாயு தரும். இரண்டும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு நம் உதவியின்றி நெடுங்காலம் வாழும் என்று நம்புகிறோம். நம்பிச் செடித் தொட்டி வைத்தவர்களின் அனுபவமோ வேறு. முதல் மாதம் பச்சை. இரண்டாம் மாதம் பழுப்பு. மூன்றாம் மாதம் கண்ணாடியெங்கும் பாசி. நான்காம் மாதம் தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. கைவிட்டவர் ‘எனக்கு ராசியில்லை’ என்கிறார். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர் நம்பிய பாடம்தான் குறையுடையது.

இப்பொழுதுபோக்கை உலகெங்கும் மாற்றியமைத்த நூல்கள் இரண்டு. ஒன்று, ஜப்பானியரான தகாஷி அமானோவின் ‘நேச்சர் அக்வேரியம் வேர்ல்ட்’. மற்றொன்று, அமெரிக்கரான டயானா வால்ஸ்டாடின் ‘ஈக்காலஜி ஆஃப் தி பிளாண்டட் அக்வேரியம்’. இரண்டும் ‘இயற்கை’ என்ற பெயரிலேயே பேசுகின்றன. ஆனால் இரண்டு எதிர்த் திசைகளில் நம்மை அழைத்துச் செல்கின்றன. ஒரு தொட்டியை நான்கு மாதமல்ல, ஐந்தாண்டு, பத்தாண்டு நலமாக வைத்திருக்க விரும்புபவருக்கு இவற்றில் எது துணை செய்யும்? இக்கேள்வியை முன்வைத்தே இவ்விரு நூல்களையும் இங்கு நிறுத்துப் பார்க்கிறோம்.

ஒரு பழைய நம்பிக்கை

முதலில் அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று காண்போம். லண்டனைச் சேர்ந்த வேதியியலார் இராபர்ட் வாரிங்டன் 1849-இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் ஊற்று நீரை ஊற்றி, அடியில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்னேரியாச் செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். சில காலம் எல்லாம் நன்றாக நடந்தது. பின்னர் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. அவர் சில குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. இதனை அவர் 1850-இல் லண்டன் வேதியியல் கழகத்துக்குத் தெரிவித்தார். மீன் காட்சித் தொட்டியின் வரலாற்றில் இது ஒரு தொடக்கம் எனலாம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாரிங்டனின் தொட்டி மீனும் செடியும் மட்டும் இருந்தபோது கெட்டது. கழிவை உண்ணும் மூன்றாவது உயிர் வந்தபிறகே நிலைத்தது. ஆனால் பின்வந்தோர் நத்தையை மறந்தனர். வாயுப் பரிமாற்றத்தை மட்டும் நினைவில் வைத்தனர். ‘சமநிலைத் தொட்டி’ என்ற சொல் நூல்களில் நிலைபெற்றது.

நூறாண்டு கழித்து, நியூயார்க் மீன் காட்சிசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949-இல் இச்சமநிலை வெறும் கட்டுக்கதை என்று எழுதினார். திறந்த தொட்டியில் மீனுக்கு வேண்டிய பிராணவாயு பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியே காற்றிலிருந்து வருகிறது. கரியமில வாயுவும் அவ்வழியே வெளியேறுகிறது. செடியோ பகலில் பிராணவாயுவைத் தந்தாலும் இரவில் மீனைப் போலவே அதைச் சுவாசித்துச் செலவழிக்கிறது. ஆகவே வாயுக் கணக்கில் செடி இன்றியமையாதது அன்று.

அப்படியானால் செடி அழகுக்கு மட்டும்தானா? இந்தக் கேள்விக்கே நம் இரு ஆசிரியர்களும் வெவ்வேறு விடை தருகின்றனர்.

அமானோ: படம் காட்டும் இயற்கை

தகாஷி அமானோ (1954-2015) ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் தொழில்முறை மிதிவண்டிப் பந்தய வீரர். பின்னர் நிழற்படக் கலைஞர். செடித் தொட்டிகளுக்கான பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனத்தை 1982-இல் தொடங்கினார். அவருடைய முதல் நூலின் ஜப்பானியத் தலைப்புக்குக் ‘கண்ணாடிக்குள் பேரியற்கை’ என்று பொருள் கொள்ளலாம். 1992-இல் வெளிவந்த அந்நூல், பின்னர் ஆங்கிலத்தில் ‘நேச்சர் அக்வேரியம் வேர்ல்ட்’ ஆயிற்று.

நூலைத் திறந்தவுடன் கண்ணைக் கவர்வன படங்களே. அதுவரை செடித் தொட்டி என்றால் வரிசை வரிசையாக நட்ட தோட்டப் பாத்தி என்றே மேலை நாட்டார் எண்ணியிருந்தனர். அமானோ கற்களையும் மரவேர்களையும் மையத்துக்குச் சற்று விலக்கி வைத்து, மலைச்சரிவையும் புல்வெளியையும் அடர்காட்டையும் ஒரு தொட்டிக்குள் காட்டினார். நீரில் மிதக்கும் ரிக்சியாவைக் கற்களில் கட்டி அடியில் அமிழ்த்தி, அதன் மேல் முத்து முத்தாகப் பிராணவாயுக் குமிழிகள் ஒளிரும்படி செய்தார். நம் ஹைட்ரில்லாச் சோதனையின் அதே குமிழிகள்தாம். அவர் கையில் அவை ஓவியமாயின.

அழகுக்குப் பின்னால் உறுதியான அறிவியலும் உண்டு. நீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் உள்ளதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. காற்றோடு சமன்பட்டு நிற்கும் நீரில், லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரியமில வாயு கரைந்திருக்கும். ஆகவே மூழ்கி வாழும் செடிக்குப் பெரும்பாலும் முதற் பசி கரியமில வாயுவின் பசியே. அமானோ உருளையிலிருந்து அவ்வாயுவைச் சிறு குமிழிகளாகச் செலுத்தி இப்பசியைத் தீர்த்தார். கூடவே வலிய ஒளி, சத்தூட்டிய அடிமண், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம், ஓயாத கத்தரிப்பு. பாசியைத் தின்ன ஒரு சிறு இறாலைப் பெருமளவில் பயன்படுத்தினார். இன்று அது அவர் பெயராலேயே ‘அமானோ இறால்’ என்று வழங்குகிறது.

இன்னொரு நற்பழக்கமும் இந்நூலில் உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் தொட்டியின் அளவு, விளக்கு, வாயுவின் அளவு, நீரின் தன்மை, செடி மீன்களின் பெயர்கள், படம் எடுத்த காலம் ஆகியவை பட்டியலாக உள்ளன. ஓர் ஆய்வாளரின் குறிப்பேடு போன்ற இந்த ஒழுங்கைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

ஆனால் நம் கேள்வி இங்குதான் எழுகிறது. அக்குறிப்பில் உள்ள நாள் ஒன்றே ஒன்று. அது தொட்டி தன் எழிலின் உச்சியில் நின்ற நாள். அதற்கு ஆறு மாதம் முன் அது எப்படி இருந்தது? ஓராண்டு பின் எப்படி ஆயிற்று? எத்தனை தொட்டிகள் படத்துக்கு வராமலே கலைக்கப்பட்டன? படம் எடுக்கும் வேளையில் குழாய்களையும் கருவிகளையும் அகற்றிவிடுவது இக்கலையில் வழக்கம். கண்ணுக்குத் தெரியும் இயற்கையைத் தாங்கி நிற்பவை கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. ஒரே ஒரு நாளின் அளவீட்டைக் கொண்டு ஒரு முறைமை நிலையானதா என்று எந்த அறிவியலும் சொல்லாது. அதற்கு அளவீடுகளின் தொடர் வேண்டும்.

அந்த இறாலின் கதையையே பாருங்கள். அதன் இளவுயிரிகள் வளர உப்பு கலந்த நீர் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் அவை பிழைப்பதில்லை. ஆகவே தொட்டியின் இறால்கள் முதிர்ந்து மடிந்தால் வெளியிலிருந்து வாங்கி நிரப்ப வேண்டும். வாயு உருளை தீர்ந்தால் நிரப்ப வேண்டும். கத்தரிக்கும் கை ஒரு மாதம் ஓய்ந்தால் புல்வெளி தன் வடிவத்தை இழக்கும். இது இயற்கை அன்று. இயற்கையின் தோற்றத்தை மனித உழைப்பால் நிறுத்திவைக்கும் தோட்டக்கலை. அவ்வாறு சொல்வது இழிவுமாகாது. அமானோவின் வீட்டில் நான்கு மீட்டர் நீளத் தொட்டியொன்று பல ஆண்டுகள் நலமாக இருந்தது. 2015-இல் லிஸ்பன் கடற்காட்சிசாலையில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டியும் அவர் மறைவுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் காட்சியில் இருந்தது. உழைப்புள்ள இடத்தில் அவர் முறையும் நீடிக்கும் என்பதற்கு இவை சான்று.

குறை எங்கே என்றால், அவ்வுழைப்பின் கணக்கை நூல் வாசகர் முன் முழுமையாக வைக்கவில்லை என்பதில்தான். 2001 முதல் அவருடைய நிறுவனம் நடத்திவரும் உலகப் போட்டியும் படத்தை வைத்தே பரிசளிக்கிறது. படத்துக்காகத் தொட்டி, படம் எடுத்தபின் கலைப்பு என்ற பழக்கம் இதனால் வளர்ந்தது. நெடுங்காலம் வளர்ப்பதே இப்பொழுதுபோக்கின் உயிர் என்று கருதுபவருக்கு இது பெரிய இழப்பு.

வால்ஸ்டாட்: மண்ணிலிருந்து தொடங்கும் வாதம்

டயானா வால்ஸ்டாடின் நூல் 1999-இல் வெளிவந்தது. பின்னர் திருத்திய பதிப்புகளும் கண்டது. நுண்ணுயிரியல் பயின்ற அவர், மீன் தொட்டியில் நெடுங்கால அனுபவமும் உடையவர். அமானோவின் நூலில் படங்கள் பேசுகின்றன என்றால் இந்நூலில் அட்டவணைகள் பேசுகின்றன. செடிகள் நீரைத் தூய்மையாக்கும் விதம், பாக்டீரியா, சத்துகள், கரியமில வாயு, அடிமண், பாசி என்று அத்தியாயம் அத்தியாயமாக ஆய்வேடுகளைத் திரட்டி, வீட்டுத் தொட்டிக்கு அவற்றின் பொருள் என்ன என்று விளக்குகிறார். இடையிடையே வளர்ப்போர் எழுப்பும் வினாக்களும் விடைகளும் வருகின்றன. இந்த அமைப்பே மாணவருக்கு உகந்தது.

நூலின் உயிர்நாடியான வாதம் நைட்ரஜன் பற்றியது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது; எஞ்சிய தீனியும் கழிவும் அழுகுவதாலும் அது உண்டாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆகவே வடிகட்டி இன்றித் தொட்டி இல்லை என்பது பொது நம்பிக்கை. வால்ஸ்டாட் சொல்வது வேறு. நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைக் காட்டிலும் அம்மோனியத்தையே விரும்பி உறிஞ்சுகின்றன. காரணம் எளிது. செடி நைட்ரேட்டை எடுத்தால் புரதம் ஆக்குவதற்கு முன் அதனை மீண்டும் அம்மோனியமாக்க வேண்டும்; அதற்கு ஆற்றல் செலவாகும். நுண்ணுயிர் அம்மோனியத்தை எரித்து ஈட்டிய ஆற்றலைச் செடி தன் கையிலிருந்து திருப்பிச் செலுத்துவது போன்றது இது. ஆகவே செடிகள் நிறைந்த தொட்டியில் பெரிய உயிரியல் வடிகட்டி செடிக்குத் துணைவன் அல்ல, போட்டியாளன் என்கிறார்.

ஆட்ஸ் எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. தொட்டியில் சமநிலை உண்டு. ஆனால் அது பிராணவாயுவின் சமநிலை அன்று. நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளின் வரவு செலவுச் சமநிலை. மீன் தீனியாக வருவது வரவு. செடி வளர்ந்து நாம் வெட்டி எறிவது செலவு. வாரிங்டனின் நத்தைக்கு உரிய இடமும் இக்கணக்கில் கிடைத்துவிடுகிறது. செடித் தொட்டி பற்றிப் பள்ளியில் கற்பிக்க ஒரே ஒரு கருத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதையே தேர்ந்தெடுப்போம்.

முறையும் எளியது. ஏறக்குறைய ஓர் அங்குல உயரம் சாதாரண மண், அதன் மேல் ஓர் அங்குலம் சிறு கூழாங்கல், முதல் நாளிலேயே நெருக்கமாகச் செடி, போதிய ஒளி, அளவான மீன்கள். மண்ணில் உள்ள கரிமப்பொருள் சிதையும்போது கரியமில வாயு வெளிவருவதால் உருளை தேவையில்லை. பின்னாளில் அவர் நண்பகல் ஓய்வு முறையையும் பரிந்துரைத்தார்: 5 மணி நேரம் விளக்கு, 4 மணி நேர நிறுத்தம், மீண்டும் 5 மணி நேரம் விளக்கு. அந்த இடைவேளையில் தீர்ந்துபோன கரியமில வாயு மீண்டும் நீரில் சேர்கிறது. மிதக்கும் செடிகளுக்கு இலை காற்றில் இருப்பதால் அவ்வாயுவுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அவை நீரிலுள்ள சத்தை விரைந்து உறிஞ்சிப் பாசியை அடக்குகின்றன என்று அவர் காட்டுவதும் அருமையான பகுதி. நம் வீடுகளில் மணி பிளாண்ட் கொடியின் வேரைத் தொட்டி நீரில் தொங்கவிடுபவர்கள் அறியாமலே இத்தத்துவத்தைக் கையாள்கின்றனர்.

அவர் சறுக்கும் இடங்கள்

இத்தனை நிறைகள் உள்ள நூலையும் அப்படியே ஏற்பதற்கில்லை. மூன்று இடங்களில் ஐயம் எழுகிறது.

முதலாவது, செடிகள் வேதிப்பொருள்களை வெளியிட்டுப் பாசியையும் பிற செடிகளையும் ஒடுக்குகின்றன என்னும் அத்தியாயம். இயற்கையில் இது பொய்யன்று. மிரியோபில்லம் என்னும் நீர்ச்செடி வெளியிடும் பாலிபீனால்கள் நீலப்பச்சைப் பாசியைத் தடுப்பது ஆய்வில் நிறுவப்பட்டது. ஆனால் செடியை அரைத்துப் பிழிந்த சாறு ஆய்வுக்கூடத்தில் பாசியைத் தடுத்தது என்பதற்கும், வீட்டுத் தொட்டியில் உயிருள்ள செடி கசியவிடும் மிகச் சிறிய அளவு அவ்வேலையைச் செய்கிறது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. செடி நன்கு வளரும் தொட்டியில் பாசி குறைவதற்குச் சத்துப் போட்டியும் நிழலுமே போதிய காரணங்களாக இருக்கக்கூடும். இவற்றைப் பிரித்துக் காட்டும் சோதனை இன்றி முடிவு கட்டலாகாது.

இரண்டாவது, நுண்ணுயிரியல் வளர்ந்துவிட்டது. அம்மோனியாவை மாற்றுபவை நைட்ரோசோமோனஸ், நைட்ரோபாக்டர் என்று நாம் படித்தோம். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் முக்கிய இனம் நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரியவந்தது. 2011-இல் வெளியான ஆய்வொன்று, ஆய்ந்த நன்னீர் வடிகட்டிகளில் பெரும்பாலானவற்றில் அம்மோனியாவை மாற்றுவதில் முதலிடம் பாக்டீரியாவுக்கு அன்று, ஆர்க்கியா என்னும் வேறு வகை நுண்ணுயிருக்கே என்று காட்டியது. 2015-இல் அம்மோனியாவை நைட்ரேட் வரை தாமே கொண்டுசெல்லும் நைட்ரோஸ்பைரா வகைகளும் கண்டறியப்பட்டன. வால்ஸ்டாடின் அடிப்படை வாதம் இதனால் வீழவில்லை. ஆனால் இப்புதியவர்களுள் சிலர், மிகமிகக் குறைந்த அம்மோனியத்தையும் விடாமல் பற்றும் ஆற்றலுடையவர்கள். செடியே எப்போதும் போட்டியில் வெல்லும் என்ற எண்ணத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சான்றின் தன்மை. பிறர் ஆய்வேடுகளைத் தொகுப்பதில் வல்லவரான ஆசிரியர், தம் முறையை நிறுவும்போது பெரிதும் தம் தொட்டிகளின் அனுபவத்தையே சார்கிறார். மண்ணுள்ள தொட்டி பத்து, மண்ணில்லாத தொட்டி பத்து என்று அருகருகே வைத்து ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்ட சோதனை அன்று அது. இதனை அவர் மறைக்கவில்லை, வாசகர்தாம் மறந்துவிடுகின்றனர். அமானோவின் படம் ஒரு நாளின் சான்று என்றால், வால்ஸ்டாடின் தொட்டி ஒரு வீட்டின் சான்று.

நம் வெயிலில்

ஒரு வீட்டின் சான்று இன்னொரு வீட்டுக்குப் பொருந்துமா? அவர் வீடு அமெரிக்காவின் வட கரோலினாவில் இருப்பது. நம் வீட்டில் சித்திரை வெயில் உண்டு. இவ்வேறுபாடு சிறியதன்று.

20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். அதே வேளையில் மீன், செடி, மண்ணின் நுண்ணுயிர் ஆகிய எல்லாவற்றின் சுவாசமும் வெப்பத்தால் விரைகிறது. வரவு குறைய, செலவு கூடுகிறது. ஆகவே மண் நிறைந்த தொட்டியில் விடியற்காலையே ஆபத்தான நேரம்.

இக்கட்டுரையாசிரியன் இப்பாடத்தைப் படித்துக் கற்கவில்லை, பட்டே கற்றான். தோட்டத்து மண்தானே என்று, தொழு உரம் கலந்த பாத்தியிலிருந்து மண்ணெடுத்துத் தொட்டியில் இட்டேன். ஒரு வைகாசி இரவில் மின்சாரம் நின்று காற்று மோட்டாரும் நின்றது. விடியும்போது மீன்களெல்லாம் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன, பாதி பிழைக்கவில்லை. நூலில் ‘சாதாரண மண்’ என்றிருந்தது. எரு இடாத மண் என்று அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

அம்மோனியாவின் நஞ்சும் இங்கு கூடுதல். நீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் நஞ்சான பகுதி, பி.எச். எண் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8, வெப்பம் 30 பாகை என்றால் அது நூற்றில் ஏழு பங்கை ஒட்டிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் காரப்பக்கம் சாய்ந்தது என்பதை நினைவிற் கொள்க.

நீரை அரிதாகவே மாற்றினால் போதும் என்னும் வால்ஸ்டாடின் அறிவுரையையும் இங்கு எடை போட்டே ஏற்க வேண்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 லிட்டர் தொட்டி. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டர் ஆவியாகிறது. அதே அளவு கிணற்று நீரை ஊற்றி ஈடு செய்கிறோம். 120 நாளில் 60 லிட்டர் ஊற்றியிருப்போம். ஆவியாகிப் போனது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிட்டன. நான்கு மாதத்தில் இன்னொரு தொட்டி அளவு நீரின் உப்பு சேர்ந்துவிட்டது! செடிகளும் சுண்ணாம்புப் படிவும் ஒரு பகுதியை நீக்கினாலும் எஞ்சுவது குறைவன்று. ஆவியாகும் அளவுக்கு மழைநீரை ஊற்றுவதோ, மாதம் ஒருமுறை ஒரு பங்கு நீரை மாற்றுவதோ இதற்குத் தீர்வு.

கடின நீரால் நன்மையும் உண்டு. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ள வல்லவை. கரியமில வாயுவை மட்டுமே நம்பும் நீர்ப்பாசங்கள் வாடும் தொட்டியிலும் இவை செழிக்கும். ஆகவே படத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பதைவிட, நம் நீரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

ஆண்டுகளின் கணக்கு

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். நெடுங்காலத் தொட்டியில் உண்மையில் என்ன நிகழ்கிறது?

முதல் ஆறு வாரம் குழப்பம். மண்ணிலிருந்து அம்மோனியா கசியும், பாசி தோன்றும். வேகமாக வளரும் தண்டுச் செடிகள் இக்காலத்தில் தொட்டியைக் காக்கின்றன. ஓராண்டுக்குள் அவை இளைக்கின்றன. மண்ணின் எளிதில் சிதையும் பொருள் தீர்ந்துவிடுகிறது. அப்போது மெதுவாக வளரும் வேர்ச்செடிகள் மேலோங்குகின்றன. கிரிப்டோகொரைன் இனச் செடிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இவற்றில் சில நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழ்பவை. உலகெங்கும் தொட்டிகளில் வளரும் வென்டியை, பெக்கெட்டியை ஆகியவை இலங்கைக்கே உரியவை. நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்து போகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாமல் பொறுத்தால் மீண்டும் துளிர்த்து, ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

குளம் சேறாகிச் சதுப்பாகும் வளர்ச்சிப் படிகளைப் பாடத்தில் படிக்கிறோமே, அதன் சிறு வடிவம் இது. இதற்கிடையில் அம்மோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் உண்டாகி நீரின் தாங்கு திறன் மெல்லக் குறைகிறது. மென்னீர் உள்ள ஊர்களில், பல மாதம் கவனியாமல் விட்டால் பி.எச். திடீரெனச் சரியக்கூடும். கடின நீர் ஊர்களில் இதற்கு நேர்மாறாக உப்பு கூடுகிறது. ஆக, சமநிலை என்பது ஒருமுறை அடைந்து உட்கார்ந்துவிடும் இடமன்று. ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு சிறு திருத்தங்களால் காத்துக்கொள்ள வேண்டியது.

இந்த ஆண்டுக் கணக்கை இரு நூல்களில் எது சொல்கிறது? அமானோ அநேகமாகச் சொல்லவில்லை. வால்ஸ்டாட் பாதியளவு சொல்கிறார்: ஏன் நிலைக்கிறது என்பதற்குக் காரணம் தருகிறார், ஆண்டுதோறும் எப்படி மாறியது என்ற தொடர்க் குறிப்பை அவரும் போதிய அளவில் தரவில்லை.

கண்ணாடிக்கு வெளியே

இவ்விரு நூல்களிலும் மைய இடம் பெறாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கைவிட்ட தொட்டியின் செடிகள் எங்கே போகின்றன? கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், ஆவளப்பாண்டி என்னுமிடத்தில் 2020-இல் நீரோடையே இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்ததைக் காண மக்கள் திரண்டனர். அந்தப் பூ கபோம்பா ஃபுர்கேட்டா என்னும் தென் அமெரிக்கச் செடியினுடையது. தொட்டி அழகுக்காக விற்கப்படும் இனம். கண்டவர் வியந்தனர், தாவரவியலார் கவலை கொண்டனர். வேகமாகப் படரும் இத்தகைய செடி, நம் நீர்நிலைகளின் சொந்தச் செடிகளை மூடி அழிக்கவல்லது. பாசி தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி மீனின் கதையும் இதுவே.

நான்கு மாதத்தில் சலித்துக் கைவிடும் பழக்கம் தனிமனிதரின் பண இழப்போடு முடிவதில்லை என்பதை இது காட்டுகிறது. வெட்டிய செடியை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுங்கள், வாய்க்காலில் எறியாதீர்கள்.

முடிவாக

அமானோவின் நூலைக் கண்ணுக்காகவும், செடிக்குக் கரியமில வாயு எவ்வளவு இன்றியமையாதது என்று உணர்வதற்காகவும் பாருங்கள். ஆனால் அதிலுள்ள படத்தை உங்கள் தொட்டியின் மதிப்பெண் அட்டையாகக் கொள்ளாதீர்கள். வால்ஸ்டாடின் நூலைப் பேனாவும் கையுமாகப் படியுங்கள்; நைட்ரஜன் பற்றிய பகுதியை இருமுறை படியுங்கள்; வேதிப்போர் பற்றிய பகுதியைக் கேள்விக்குறியோடு படியுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் இரண்டாவதையே பரிந்துரைப்போம்.

இரண்டிலும் இல்லாத மூன்றாவது நூலை நீங்களே எழுதலாம். அதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். வாரம் ஒரு நாள் நீரின் வெப்பம், ஊற்றிய நீரின் அளவு, இட்ட தீனி, வெட்டிய செடியின் எடை, இறந்த மீன், பிறந்த குஞ்சு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். முடிந்தால் ஒரே அளவில் இரண்டு தொட்டிகள் வையுங்கள்: ஒன்றில் மண், மற்றொன்றில் வெறும் மணல், மற்றவை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஐந்தாண்டு கழித்து அந்நோட்டில் இருக்கும் செய்தி அமானோவிடமும் வால்ஸ்டாடிடமும் இல்லாத செய்தியாக இருக்கும்: நம் ஊர் நீரில், நம் ஊர் வெயிலில், ஒரு செடித் தொட்டி எப்படி வாழ்ந்தது என்பது. அத்தகைய குறிப்பேடுகள் பத்து சேர்ந்தால், தமிழில் ஒரு நல்ல நூலுக்கு வித்து கிடைத்துவிடும்.